மேல்மாடத்திலிருந்து நான் கூவியது

முதலில் தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் எழுத்தாளன் அல்லன். ஸ்கெல்பி நகரக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். குழாய் உடைந்ததற்கு வருத்தம் தெரிவிக்கும் கடிதங்களைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகியதில்லை. திகில் கதைகளை விரும்பிப் படிக்கும் தங்களைப் போன்றோர் முன் இதை வைக்கத் துணிந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை அறிவேன். ஆயினும் ஒன்றை மட்டும் பணிவுடன் உறுதிகூற விரும்புகிறேன். இது நடந்தது. இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. நேரங்களை என் கைக்கடிகாரத்தைப் பார்த்தே குறித்திருக்கிறேன். அது அன்றும் சரியாக ஓடியது. இன்றும் சரியாகத்தான் ஓடுகிறது.

1973, டிசம்பர் 29, சனிக்கிழமை. என் மகள் ஹேசலுக்கு அன்று ஏழு வயது நிறைந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் பான்டோ பார்க்கப் போகாத குடும்பம் எங்கள் ஊரில் இல்லை. பாட்டும் கூத்தும் கேலியுமாக நடக்கும் நாடகம் அது. மேடையில் இருப்பவர்களைவிடப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம் கத்துவார்கள். கத்தாமல் இருந்தால்தான் அங்கே தவறு. ஆண்டு முழுவதும் வாய் திறவாத என்னைப் போன்றவர்கள்கூட அன்று ஒருநாள் தொண்டை கிழியக் கூவிவிட்டு, திங்கட்கிழமை மீண்டும் மௌனமாக அலுவலகம் செல்வோம்.

என் சம்பளத்துக்கு எம்பரஸ் அரங்கின் மேல்மாடம்தான் கட்டுபடியாகும். கூரைக்கு நேர் கீழே, மேடையைத் தலைக்கு மேலிருந்து பார்க்கும் இடம். அங்கே தனித்தனி இருக்கைகள் இல்லை. நீண்ட மர பெஞ்சுகள்தாம். நெருங்கி உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். மேல்மாடத்துக்கு வாசலும் தனி. பக்கத்துச் சந்தில் நுழைந்து தொண்ணூற்றிரண்டு படிகள் ஏற வேண்டும். மேலிருந்து கீழ்த்தளத்துக்குப் போக உள்ளே வழி கிடையாது. மறுபடி சந்துக்கு இறங்கி, தெருவைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

"வருஷத்துக்கு ஒரு படி கூடிட்டே போகுது, எட்கர்," என்றாள் என் மனைவி வின்னி, மூச்சு வாங்கியபடி.

"போன வருஷமும் தொண்ணூத்திரண்டுதான்."

"படி எண்ணுற மகராசன் இந்தப் பையையும் கொஞ்சம் தூக்கிக்கலாம்ல?"

பையை வாங்கிக்கொண்டேன். முட்டை சாண்ட்விச்சும் ஃபிளாஸ்கில் தேநீரும் இருந்தன. முன்னால் ஹேசல் ஏறிக்கொண்டிருந்தாள். பச்சை வெல்வெட் உடுப்பு. முதுகில் ஐந்து பொத்தான்கள். காலையில் நான்தான் போட்டுவிட்டேன். நடுப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. மேலே போய்ச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

ஹேசல் கூச்ச சுபாவம் உள்ளவள். ஒருமுறை சொன்னால் கேட்கும் குழந்தை. மறுமுறை நான் சொன்னதே இல்லை. அப்படி வளர்த்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

2.15க்குத் திரை உயர்ந்தது. வரிசையின் உள்கோடியில் இருந்தோம். வின்னி, நான், எனக்கு இடப்புறம் ஹேசல். அவளுக்கு அப்பால் ஒரு கை அகலம் காலி இடம். பிறகு சுவர்.

2.40க்கு ஹேசல் என்னை இடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கப்பா."

"ஏன் கண்ணு? அந்தப் பக்கம் இடம் இருக்கே?"

"இவளுக்குப் பத்தலை."

எட்டிப் பார்த்தேன். காலி பெஞ்சும் சுவரும்தான் இருந்தன. தனியாக வளரும் குழந்தைகள் இப்படித் துணை சேர்த்துக்கொள்வது வழக்கம்தானே? வின்னியிடம் மன்னிப்புக் கேட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். ஹேசலும் தள்ளி உட்கார்ந்தாள். காலி இடம் இப்போது ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஆகியிருந்தது.

3.05க்குப் பேய்க் காட்சி வந்தது. எந்த பான்டோவிலும் அது உண்டு. இருண்ட காட்டில் மூவர் ஒரு பெஞ்சில் அமர்ந்து பயம் தெரியாமலிருக்கப் பாடுவார்கள். வெள்ளைத் துணி போர்த்திய பேய் பின்னால் வந்து நிற்கும். அரங்கமே "பின்னாடி!" என்று அலறும். அவர்கள் வேண்டுமென்றே தப்பான பக்கம் பார்ப்பார்கள். கடைசியில் ஒருவர் சரியாகத் திரும்புவார். பேயை நேருக்கு நேர் பார்ப்பார். பேய் அவரைக் கொண்டுபோய்விடும். பிறகு அடுத்தவர். யார் திரும்பிப் பார்க்கிறாரோ அவரைத்தான் பேய் கொண்டுபோகும். அதுதான் அந்த விளையாட்டின் விதி.

எங்களுக்கு முன்வரிசையில் தடித்த கழுத்துள்ள ஒருவர் இருந்தார். மீன்பிடித் துறைமுகத் தொழிலாளி என்று நினைக்கிறேன். பெண் வேடமிட்டிருந்த குண்டு நடிகரைப் பார்த்துக் கைகொட்டிக் கத்தினார். "அடியே குண்டம்மா! பின்னாடிடீ! காது செவிடா உனக்கு?"

மேடையிலிருந்து பதில் வந்தது. "குண்டம்மாவா? உன் பொண்டாட்டி வரட்டும், ரெண்டு பேரையும் தராசுல நிறுத்திப் பாப்போம்!"

கூரை அதிரச் சிரித்தோம். நானும் கத்தினேன், வின்னியும் கத்தினாள். ஹேசல் மட்டும் கத்தவில்லை.

"நீ ஏன் கண்ணு கத்தலை?"

"அது பெட்ஷீட்டுப்பா."

"ஆமா. பெட்ஷீட்டுதான்."

அவள் மேடையைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். "இவ அப்படி இல்ல," என்றாள்.

என் இடது முழங்கால் சில்லென்றிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும்படி அரசு சொல்லியிருந்தது. அரங்கத்திலும் வெப்பத்தைக் குறைத்திருந்தார்கள். அதனால் இருக்கும்... என்று நினைத்துக்கொண்டேன்.

3.25க்கு இடைவேளை. ஐஸ்கிரீம் வாங்கினோம். ஹேசல் இரண்டு மரக்கரண்டி கேட்டாள். ஐஸ்கிரீம் விற்ற பெண்ணிடம் சிரமத்துக்கு வருந்துவதாகச் சொல்லி இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு கரண்டி ஹேசலின் கையில் இருந்தது. மற்றொன்றைச் சுவரோரமாகப் பெஞ்சில் வைத்தாள்.

சற்று நேரம் கழித்துக் குப்பையை எடுக்கும்போது கவனித்தேன். பெஞ்சில் இருந்த கரண்டியின் நுனியும் ஈரமாக இருந்தது.

இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

அரங்கப் பணியாளர் திருமதி ஆக்டன் துண்டுச் சீட்டுகளுடன் வந்தார். அன்று பிறந்தநாள் உள்ள குழந்தைகளின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசிப் பாட்டுக்கு மேடைக்கு அழைப்பார்கள். ஒரு மிட்டாய்ப் பையும் தருவார்கள்.

"எழுதாதீங்கப்பா," என்றாள் ஹேசல்.

"ஏன் செல்லம்? உன் பேரை மைக்குல சொல்வாங்க."

"இவளும் வருவேங்கிறா."

வின்னி சிரித்தாள். "வரட்டுமே! துணைக்கு ஆள் இருந்தா பயமே இருக்காது."

நான் என் பேனாவை எடுத்து, அலுவலகத்தில் எழுதுவதைப் போலவே தெளிவாக எழுதினேன். ஹேசல் லாங்ஸ்டாஃப். வயது ஏழு. மேல்மாடம்.

4.31. கதை முடிந்து, பாட்டின் வரிகள் பெரிய எழுத்துகளில் எழுதிய திரை மேலிருந்து இறங்கியது. கோமாளி வேடமிட்ட கிளெம் ரட் என்ற நடிகர் சீட்டுகளைப் படித்தார். மூன்று பெயர்கள். மூவரும் கீழ்த்தளத்துக் குழந்தைகள். ஓடி வந்து ஏறினார்கள்.

"நாலாவது... ஹேசல் லாங்ஸ்டாஃப்! எங்கம்மா இருக்கே? மேலயா? அடேயப்பா, சொர்க்கத்துலருந்து இறங்கி வரணுமே!"

வட்ட விளக்கின் ஒளி மேல்மாடத்துக்குத் திரும்பி எங்கள் முகத்தில் விழுந்தது. எண்ணூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஹேசல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நான் போகலை."

எனக்கு வியர்த்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க கண்ணு. எல்லாரும் காத்துட்டிருக்காங்க. இப்போ போகலைன்னா மரியாதையா இருக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கம்பளிக் கையுறைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, இடது கையில் மாட்டிக்கொண்டாள்.

"ஏண்டி ஒண்ணு மட்டும்?" என்றாள் வின்னி.

"இந்தக் கையைத்தான் அவ பிடிச்சிக்கிறா. ரொம்ப ஜில்லுனு இருக்கும்மா."

வின்னி இந்தமுறை சிரிக்கவில்லை.

முழங்கால்களைத் தாண்டித் தாண்டி ஹேசல் வெளியே போனாள். திருமதி ஆக்டன் அவளைப் படிகளில் அழைத்துச் சென்றார். நானும் எழுந்தேன். "நீங்க உக்காருங்க சார், நான் பாத்துக்கிறேன்," என்றார் அவர். உட்கார்ந்துவிட்டேன்.

கிளெம் ரட் நேரத்தைக் கடத்தினார். "மேல்மாடத்துப் பொண்ணு வந்து சேர்றதுக்குள்ள எனக்குத் தாடி நரைச்சிடும் போல!" எல்லோரும் சிரித்தார்கள்.

4.36. ஹேசல் மேடையேறினாள். மேலிருந்து பார்க்க மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். வரிசையின் இடதுகோடியில், பாட்டுத் திரைக்கு முன்னால் நின்றாள். திருமதி ஆக்டன் கீழேயே நின்றுவிட்டார்.

கிளெம் ரட் மறுகோடியிலிருந்து ஒவ்வொரு குழந்தையாகப் பெயர் கேட்க ஆரம்பித்தார்.

நான் எண்ணினேன். எண்ணுவது என் பழக்கம்.

ஐந்து.

மறுபடி எண்ணினேன்.

ஐந்து.

ஹேசலுக்கு நேர் பின்னால், அவளை ஒட்டி, அவளைவிட ஒரு தலை உயரமாக ஒரு சிறுமி நின்றாள். சாம்பல் நிற உடுப்பு. தலை குனிந்திருந்தது. ஹேசலின் காதருகே.

பாட்டுத் திரையைப் பார்த்தேன். முன்னால் நின்ற நான்கு குழந்தைகளின் தலைகளும் அதன் கடைசி வரியில் சில எழுத்துகளை மறைத்தன.

அந்தச் சிறுமி எதையும் மறைக்கவில்லை.

அவள் தலை இருந்த இடத்திலும்... எழுத்துகள் தெரிந்தன.

"வின்னி. ஹேசலுக்குப் பின்னாடி யாரு?"

"எங்கே? யாரும் இல்லையே."

எழுந்தேன். "மன்னிக்கணும்... கொஞ்சம் வழி விடுங்க... மன்னிக்கணும்..." மூன்று பேரைத் தாண்டினேன். நான்காவது ஆள் ஒரு மூதாட்டி. மடியில் ஃபிளாஸ்க். திறந்த தேநீர்க் கோப்பை.

"உக்காருய்யா!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "காசு கொடுத்து உன் முதுகைப் பாக்கவா வந்தோம்?"

மன்னிப்புக் கேட்டு என் இடத்துக்குத் திரும்பினேன்.

உட்கார்ந்தேன்.

ஆம். உட்கார்ந்தேன்.

4.38. அந்தச் சிறுமியின் கை மெல்ல உயர்ந்தது. ஹேசலின் தோளில் அமர்ந்தது.

மறுபடி எழுந்தேன். வாழ்நாளில் கூவாத அளவுக்குக் கூவினேன்.

"ஹேசல்! பின்னாடி!"

கீழே பலர் அண்ணாந்து பார்த்தார்கள்.

பிறகு அரங்கமே சிரித்தது.

முன்வரிசை மீன்துறைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்படிப் போடு அண்ணே!" என்றார். அவரும் கூவினார். "பின்னாடி!" அடுத்த வரிசை கூவியது. கீழே குழந்தைகள் கூவினார்கள். எண்ணூறு குரல்கள். மகிழ்ச்சியாக. ஒரே குரலாக.

"பின்னாடி! பின்னாடி!"

கிளெம் ரட் துள்ளினார். தப்பான பக்கம் பார்த்தார். "எங்கே? எங்கே?"

"பின்னாடி!"

"இல்லவே இல்லை!"

"இருக்கு!"

"இல்லை!"

"இருக்கு!"

"நிஜமாவே இருக்கு!" என்று அலறினேன். "விளையாட்டு இல்லை! ஐயா, என் பொண்ணு... தயவுசெஞ்சு..."

யாருக்கும் கேட்கவில்லை.

ஹேசல் அசையாமல் நின்றாள். அவள் மட்டும் திரும்பவில்லை. கையுறை மாட்டாத கையை நெற்றியில் வைத்து, விளக்கொளிக்குக் கண் கூச, மேலே பார்த்தாள். என்னைத் தேடினாள்.

என் குரலை அவள் அறிவாள்.

"ஹேசல்! திரும்பிப் பாரு!"

ஒருமுறைதான் சொன்னேன்.

அவள் திரும்பினாள்.

முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு தெரிந்தது. ஐந்து பொத்தான்கள். நடுவில் உள்ளது தவறான துளையில்.

டம்... டம்... முரசு.

விளக்குகள் அணைந்தன. நடிகர்களின் இறுதி வணக்கத்துக்கு முன் எப்போதும் அணைப்பார்கள்.

மூன்று நொடி.

விளக்கு எரிந்தது. பாடாத பாட்டின் திரை மேலே போய்க்கொண்டிருந்தது. மிட்டாய்ப் பைகளுடன் குழந்தைகள் படியிறங்கினார்கள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கிளெம் ரட்டின் கையில் நான்காவது பை இருந்தது. இருபுறமும் பார்த்தார். பிறகு சிரித்தபடி அதை முன்வரிசைக்கு வீசினார். யாரோ பிடித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியேறினேன். தேநீர் கொட்டியது. படிகளில் ஓடினேன். நாற்பதாவது படியில் உள்ளே தேசிய கீதம் தொடங்கியது. அக்காலத்திலேயே பலர் அதற்கு நிற்பதில்லை. நான் நின்றேன். கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. அது முடியும்வரை, சுவரைப் பார்த்தபடி, ஆளில்லாத படிக்கட்டில் நான் நேராக நின்றேன்.

முன்வாசலை அடைந்தபோது மணி 4.47. வாயிற்காப்பாளர் மரியாதையாகத் தடுத்தார். "மேல்மாடத்து டிக்கெட்டுக்கு இந்த வழி இல்லையே சார்?" நான் விளக்கிச் சொல்லத் தொடங்கினேன்.

அன்றிரவு காவலர்கள் மேடைக்கு அடியிலும் மேலேயும், ஒவ்வொரு அறையிலும் பெட்டியிலும் தேடினார்கள். மேடையிலிருந்து வெளியே போகும் இரு கதவுகளிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எந்தக் குழந்தையும் வெளியே போகவில்லை. மறுநாள் துறைமுகத்தில் தேடினார்கள். அதன் பிறகு பல வாரங்கள் தேடினார்கள்.

அந்த அரங்கத்தின் பழைய செய்திகளையெல்லாம் பின்னர் நூலகத்தில் அமர்ந்து படித்தேன். தீ விபத்து இல்லை. சாவு இல்லை. சாம்பல் நிற உடுப்பணிந்த எந்தச் சிறுமியைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஏதாவது ஒரு காரணம் கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருமதி ஆக்டன் காவலரிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "தெருவுல பனி வழுக்குச்சு. என் கையைப் பிடிச்சுக்க கண்ணுன்னேன். வலது கையைக் கொடுத்தா. இடது கையை யாரோ பிடிச்சிருக்க மாதிரி தூக்கியே வச்சிட்டு வந்தா. விளையாடுறான்னு விட்டுட்டேன்."

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

1974 மார்ச் 6, புதன்கிழமை. காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைகள் கேட்பதற்காக அன்றைய நாடகத்தை ஒரு தொண்டர் ஒலிப்பதிவு செய்திருக்கிறார். அவருடைய ஒலிவாங்கி மேடையின் இடதுகோடியில், தரையோடு இருந்திருக்கிறது. ஹேசலின் காலடியில்.

அதிகாரி நாடாவை ஓடவிட்டார்.

தொலைவில் கிளெம் ரட் ஒரு சிறுவனிடம் பெயர் கேட்கிறார். சிரிப்பு. அதற்கு அடியில், மிக அருகில், என் மகளின் குரல். யாரிடமோ கிசுகிசுப்பாகப் பேசுகிறாள். பதில் சொல்பவரின் குரல் நாடாவில் இல்லை. இடைவெளி மட்டும் இருக்கிறது.

"சரி."

இடைவெளி.

"திரும்ப மாட்டேன். திரும்பலைன்னா என்னை விட்டுருவல்ல?"

இடைவெளி. நான்கு நொடி.

"பாட்டு முடியுற வரைக்குந்தானே?"

இடைவெளி. பிறகு, சற்றுத் தயக்கத்துடன்...

"அப்பா சொன்னாக்கூடவா?"

இந்தமுறை இடைவெளி நீண்டது. என் கடிகாரத்தில் பதினோரு நொடி.

"சரி," என்றாள் ஹேசல்.

அதன் பிறகு, வெகு உயரத்திலிருந்து, ஒரு மனிதன் கூவுகிறான்.

பொறுமையுடன் படித்ததற்கு நன்றி. இழந்தவற்றை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். மகள் ஒருத்தி, வயது ஏழு. பச்சை வெல்வெட் உடுப்பு ஒன்று. காலணி ஒரு ஜோடி. இடது கைக் கம்பளிக் கையுறை ஒன்று. வலது கையுறை என்னிடம் உள்ளது. மனைவி, 1975இல் தன் சகோதரியின் வீட்டுக்குச் சென்றாள், திரும்பவில்லை, அவளைக் குறை கூற மாட்டேன். மிட்டாய்ப் பை ஒன்று. அதைப் பிடித்த குழந்தை யாரென்று தெரியவில்லை.